வெளியே போகிற பாதம்

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஏதோ ஒரு அபார்ட்மெண்டில் நரசிம்மர் நடந்து போன தடம் இருக்கிறதாம். மருந்துக் கடைக்காரரிடம் ஒரு அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவள் ஓரகத்தி சொன்னாளாம். ஓரகத்திக்கு, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் சொன்னாளாம்.

"சிங்கப்பெருமாள் கோவில் மூலவரேதானாம். மலைக்குள்ள உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போய் எழுந்து வந்துட்டாராம். ஒரு தடம் அச்சு அசல் குழந்தைக் கால். அதை ஒட்டியே இன்னொரு தடம், மூணு நகம். பாதி மனுஷன், பாதி சிங்கம். வேற யாருக்கு அப்படிக் கால் இருக்கும், சொல்லுங்க."

கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, "சிங்கத்துக்கு நாலு நகம்மா," என்றார்.

"எண்ணிப் பாத்துட்டுத்தான் கும்பிடுவீங்களா நீங்க?"

ஸ்ரீரங்கன் அந்த அம்மாளுக்குப் பின்னால், கையில் சீட்டோடு நின்றிருந்தார். மனைவியின் மாத்திரை முந்தின நாளே தீர்ந்துபோயிருந்தது. அந்த அம்மாள் சொன்ன அபார்ட்மெண்ட் அவருடையது. அந்தத் தடம் இருப்பது அவர் வீட்டு வாசலில். அது சிங்கமும் இல்லை, பெருமாளும் இல்லை, இறக்கை முளைத்த ஒரு பல்லி என்று மருந்துக் கடையில் நின்றுகொண்டு யாருக்குச் சொல்வது. இனிமேல் கும்பல் வரும், கல்லில் மஞ்சளும் எண்ணெயும் அப்பும், கல்லை ஆராய்கிற ஜெபினுக்கு உடனே போன் போட வேண்டும் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. கிரில் கதவைப் பூட்டினோமா என்பது அதற்கு அப்புறம்தான் தோன்றியது.

அன்று மத்தியானம் முழுக்க அவரை அரித்தது இந்த வரிசைதான். எது முதலில் தோன்றியது, எது இரண்டாவது.

முப்பத்துநாலு வருஷம் படம் வரைந்தவர் ஸ்ரீரங்கன். பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். மதகு, கால்வாய், ஏரிக்கரை, பள்ளிக்கூடத்துக் கழிப்பறை என்று எத்தனையோ தாள். ஒவ்வொரு தாளுக்கும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் உண்டு. வடிவமைத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பேர் அதில் முழுப் பெயரோடு கையெழுத்துப் போடுவார்கள். 'வரைந்தவர்' என்கிற வரி மட்டும் குட்டி. இரண்டு எழுத்துதான் கொள்ளும். முப்பத்துநாலு வருஷமும் அதில் 'எஸ்.ஆர்.' என்று எழுதிவிட்டு எழுந்து வந்தார். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்தில் பெயரை 'ஸ்ரீரங்கம்' என்று அச்சடித்துவிட்டார்கள். வீட்டில் அதைப் பார்த்து சுந்தரவல்லி, "போகட்டும், திவ்யதேசம்தானே," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

மறதி அவளுக்கு நாலைந்து வருஷமாக. சாத்தமுதில் உப்பு இரண்டு தடவை விழுந்ததில் ஆரம்பித்து, தெருப் பெயர் போய், பெண் சின்மயியின் பெயர் போய், கடைசியில் தன் வயது போயிற்று. டொராண்டோவிலிருந்து சின்மயி வீடியோவில் வந்தால், "இந்தப் பொண்ணு ரொம்ப நன்னாப் பேசறா, யாராத்துப் பொண்ணு?" என்று கேட்பாள். ஒருநாள் பால் வாங்கப் போவதாக இறங்கிப் போனவளைக் காமராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் போய் அழைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் கிரில் கதவுக்குப் பூட்டு. அதற்குப் பிறகுதான் கழுத்தில் அட்டையும். அட்டையில் எழுத்தை ஸ்ரீரங்கனே பழைய இந்தியன் இங்க் பேனாவை எடுத்து, அளவெடுத்து, அழகாக எழுதினார். அவள் பெயர், வீட்டு முகவரி, கீழே 'அழைக்க: ஸ்ரீரங்கன்', அவர் நம்பர். தன் கையால் தன் முழுப் பெயரை எழுதிய முதல் தாள் அது.

எல்லாம் போனாலும் அவளுக்குப் போகாத ஒன்று இருந்தது. கோகுலாஷ்டமிக்குப் பாதம் போடுவது. கையை மூடிக்கொண்டு, சுண்டுவிரல் ஓரத்தை மாவில் தோய்த்து ஒற்றி எடுத்து, மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு வைப்பாள். வாசலிலிருந்து பெருமாள் உள் என்கிற பூஜை அறை வரைக்கும் குட்டிக் குட்டியாகக் கால் நடந்து வரும். பெயர் மறந்தவள், சாப்பிட்டதை மறந்தவள், அதில் மட்டும் ஒரு விரல் தப்ப மாட்டாள். பாதம் உள்ளே வர வேண்டும். எக்காரணம் கொண்டும் வெளியே பார்த்துப் போட்டுவிடக் கூடாது.

டிசம்பர் புயலில் ஏரித் தண்ணீர் இவர்கள் தரைத்தளத்துக்குள் முழங்கால் அளவு புகுந்து, வாசல் டைல்ஸ் எல்லாம் எழும்பிவிட்டது. ஜெயவேலு மேஸ்திரிதான் புதுக்கல் போட்டவர். செம்பாக்கத்துக்காரர். அவர் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட நிலத்தில்தான் இந்த அபார்ட்மெண்ட் நிற்கிறது. அதை அவர் அடிக்கடி சொல்லிக் காட்டுவார், வருத்தமாக அல்ல, ஒரு வீட்டுக்காரத் தோரணையில்.

"ராஜஸ்தான் மஞ்சக் கல்லு சார். பாலீஷ் போடாத போடலாம். மாமி வழுக்கி வுழ மாட்டாங்க. ரேகை பாத்து ஜோடி சேத்துப் போட்றேன், ஒரே கல்லு மாரி இருக்கும்."

ஜோடி சேர்த்துத்தான் போட்டார். அதுதான் வினையாக முடிந்தது.

கல் பதித்த மூன்றாம் நாள் காலை. வீட்டு வேலை செய்யும் கன்னியம்மா வாசலைக் கழுவிவிட்டுப் போயிருந்தாள். வெயில் சாய்ந்து விழுந்தது. சுந்தரவல்லி கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"ஏன்னா, யார் கோலம் போட்டா? தப்பாப் போட்டிருக்காளே."

"கோலமா? எங்கே?"

"பாதம் வெளில போறது. பெருமாள் ஆத்தை விட்டுப் போறார்."

ஸ்ரீரங்கன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். ஈரத்தில், சாய்ந்த வெயிலில், இரண்டு கல்லிலுமாக ஆறு தடம். ஒடுங்கிய குதிகால், நாலு விரல், நீளவாட்டில் ஒரு வயதுக் குழந்தையின் கால் அளவு. ஒவ்வொரு காலுக்கும் சற்று முன்னால், வெளிப்பக்கமாக, பக்கவாட்டில் திரும்பிய மூன்று விரல் தடம். அது காலை விட ஆழம். தடங்கள் கதவுப் பக்கத்திலிருந்து கிளம்பித் தெரு கேட்டை நோக்கிப் போயின.

அவர் உள்ளே போய் டிரேசிங் தாள் எடுத்து வந்தார். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் கழித்து எடுத்த தாள். நாலு நாள் உட்கார்ந்து அசல் அளவிலேயே வரைந்தார். அடிக்கு அடி தூரம், விரலுக்கு விரல் கோணம், ஓரத்தில் வடதிசை அம்புக்குறி. பிறகு யார் யாரிடமோ கேட்டு, மண்ணியல் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஜெபின் என்பவரைப் பிடித்தார். நாகர்கோவில்காரர், முப்பது வயது இருக்கும். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். ஒவ்வொரு தடத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இது டைனோசர் காலத்துப் பறக்கும் பல்லி. பறவை இல்ல. இந்தக் குழந்தைக் கால் மாதிரி இருக்கிறதுதான் பின்னங்கால். இது கை. மூணு விரலை ஊன்றியிருக்கு. நாலாவது விரல்தான் இறக்கையைத் தாங்குற விரல், அதை மடிச்சு மேல தூக்கிக்கிட்டு நடந்திருக்கு. கடலோரச் சேறு, அப்படியே காஞ்சு இறுகிப்போயிருக்கு. பத்து கோடி வருஷத்துக்கு மேல இருக்கும்."

"பறக்கறது ஏன் நடந்தது?"

"இரை தேடியிருக்கலாம். அடி பட்டிருக்கலாம். ஆறு தடத்துக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு இந்தக் கல்லுல இல்ல சார்."

பிறகு ஜெபின் டிரேசிங் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதை நீங்களா வரைஞ்சீங்க? நாங்க மிஷின் வச்சு எடுத்தாலும் இவ்வளவு சுத்தமா வராது. கட்டுரையில உங்க பேரையும் சேத்துப் போடணும். முழுப் பேர் என்ன சார்?"

ஸ்ரீரங்கன் சொன்னார். எழுத்துக் கூட்டியும் சொன்னார். 'ம்' இல்லை, 'ன்' என்றார்.

"ரெண்டு வாரத்துல ஆளுங்களோட வந்து அச்சு எடுக்கிறோம். அதுவரை கல்லை அசைச்சிடாதீங்க, படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும். டிபார்ட்மெண்ட் லேண்ட்லைன்லேருந்து கூப்பிடுவாங்க, எடுத்துப் பேசுங்க."

இரண்டு வாரம் நாலாயிற்று, ஏழாயிற்று. அனுமதிக் கடிதம் வரவில்லை, மிஷின் வெளியூர் போயிருக்கிறது, தேர்வு நடக்கிறது. ஸ்ரீரங்கன் போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனார்.

இந்த ஏழு வாரமும் சுந்தரவல்லி அந்தக் கதவடியில்தான் இருந்தாள். காலையில் எழுந்ததும் வந்து பார்ப்பாள். தடம் வெளியேதான் போய்க்கொண்டிருக்கும். முந்தின நாள் பார்த்தது ஞாபகம் இருக்காதாகையால் தினமும் அவளுக்கு அது புது இடி. ஒவ்வொரு நாளும் அன்றைக்குத்தான் பெருமாள் கிளம்பிப் போனார். "என்ன அபசாரம் பண்ணினேனோ, சொல்லாமக் கொள்ளாமப் போறாரே," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். தளிகை பண்ணின சாதத்தைத் தொட மாட்டாள். போனவர் திரும்பி வராமல் எதை அமுது செய்விப்பது என்பாள். ஒருநாள் அரிசி மாவைக் கரைத்துக்கொண்டு வந்து, தடத்தின் மேலேயே உள்நோக்கிப் பாதம் போட ஆரம்பித்தாள். ஸ்ரீரங்கன் ஓடி வந்து துடைத்தார். கல்லின் குழியில் மாவு இறங்கிவிட்டால் என்ன ஆவது. அவர் பழைய டூத்பிரஷ்ஷால் விரல் விரலாகத் தேய்த்து எடுப்பதை அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். அவள் உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

சின்மயி இதையெல்லாம் வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, ஒரு பாயையாவது போட்டு மூடுங்கோளேன்."

"போட்டேன். மடிச்சு வச்சுடறா."

"அப்போ கல்லை எடுத்துடுங்கோ."

"அவா வந்து அச்சு எடுத்துண்டு போகட்டும்மா. இன்னும் பத்து நாள்."

"பத்து நாள்னு மாசியிலேர்ந்து சொல்றேள்."

அவர் லைன் சரியில்லை என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் சமையலறைக் குழாயடியைப் பூச வந்த ஜெயவேலு, சுந்தரவல்லி அழுவதைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்ளோதானா சார்? ரெண்டே கல்லு. எடம் மாத்தித் திருப்பிப் போட்டா சாமி வூட்டுக்குள்ள வந்துடப்போறாரு. அரை நாள் வேலை. இப்பவே பேத்துடட்டா?"

ஸ்ரீரங்கன் கணக்காகப் பார்த்தார். உண்மைதான். முதல் கல் இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது முதல் இடத்துக்கு, இரண்டையும் அரை வட்டம் திருப்ப வேண்டும். ஆறு தடமும் கேட்டிலிருந்து கதவுக்கு வந்துவிடும். அவருடைய படத்தில் அம்புக்குறி வேறு பக்கம் பார்க்கும். அவ்வளவுதான். அவர் வாய் வரைக்கும் சரி என்கிற சொல் வந்தது.

"வேண்டாம் ஜெயவேலு. பெயர்க்கறப்போ விரிசல் விட்டுடும். அவா வந்து பாத்தப்புறம் சொல்றேன்."

"நா பேத்தா விரிசல் வுடாது சார். மாமிக்கும் புரியாது, கல்லுக்கும் புரியாது. உங்களுக்குத்தான் சார் புரியணும்." அதற்கு மேல் அவர் பேசவில்லை. குழாயடியைப் பூசிவிட்டுப் போனார்.

ஆனால் வெளியே பேசியிருப்பார் போலிருக்கிறது. அல்லது கன்னியம்மா பேசியிருப்பாள். எப்படியோ குழந்தைக் காலும் மூன்று நகமும் ஷேர் ஆட்டோ ஏறி, ஓரகத்திகள் வழியாக மருந்துக் கடை வரைக்கும் வந்துவிட்டது.

மாத்திரையை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கன் வேகமாக வீடு திரும்பினார். தெரு முனையிலிருந்தே தெரிந்தது. வாசலில் இருபது முப்பது பேர். கல்லில் மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, யாரோ துளசி மாலை போட்டிருந்தார்கள். அசோசியேஷன் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் செருப்பை ஓரமாக விடச்சொல்லி வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். தெரு கேட் திறந்திருந்தது. கிரில் கதவும் திறந்திருந்தது.

"வாங்கோ சார், நம்ம பில்டிங்குக்கு வந்த பாக்கியத்தைப் பாருங்கோ. எல்லாரும் தீர்த்தம் வேணும்னா, அதான் உங்காத்துலேர்ந்து…"

கன்னியம்மா சொம்போடு நின்றிருந்தாள். ஸ்ரீரங்கனைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணி கேட்டாங்கன்னு தொறந்தேன் சார். மாமி இங்கதான் நின்னுகினு இருந்தாங்க. எல்லாரும் வந்ததுல அவங்களுக்கு ஒரே சந்தோசம். ஒவ்வொருத்தரா கேட்டுகினு இருந்தாங்க, பெருமாள் எங்க போனாரு, எங்க போனாருன்னு. ஒரு அம்மா சொல்லிச்சு, சிங்கப்பெருமாள் கோவிலுக்குத்தான்னு. நா சொம்பு ரொப்பப் போனேன். வந்து பாத்தா காணும்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தெரு கேட்டைப் பார்த்தாள்.

சுந்தரவல்லிக்கு அந்தக் கோவிலுக்கு வழி தெரியும். நன்றாக இருந்த காலத்தில் மாதா மாதம் ஸ்வாதி நட்சத்திரத்தன்று தாம்பரம் போய், மின்சார ரயில் ஏறி, சேவித்து, மலையைச் சுற்றிவிட்டு வருவாள். அவளுக்கு மறந்தது என்னென்ன என்று ஸ்ரீரங்கனுக்குத் தெரியும். மறக்காதது என்னென்ன என்று அவர் கணக்கெடுத்ததே இல்லை.

ஜெயவேலு வண்டியோடு வந்தார். அவரை யார் கூப்பிட்டது என்று ஸ்ரீரங்கனுக்கு ஞாபகம் இல்லை. தாம்பரம் கிழக்கு ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்களைக் கேட்டார்கள். ஒருவர், "மெரூன் புடவை, கழுத்துல அட்டை, அந்த அம்மாதான? கால்ல செருப்பில்ல. தரையப் பாத்துகினே போச்சு," என்றார். எட்டாம் பிளாட்பாரம் வரைக்கும் தேடினார்கள். ரயில்வே போலீஸ் அறையில் ஏட்டு ஒருவர் விவரம் எழுதிக்கொண்டார். நடுவில் ஏட்டின் போன் அடித்தது. எழுந்து ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தவர், உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"ஐயா, ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவுல லைன்ல அடிபட்ட கேஸ் ஒண்ணு. வயசான அம்மான்றாங்க. உங்களோடதுன்னு சொல்லல. அந்தப் பக்கம் இன்னும் ஆளு போய்ச் சேரல. கழுத்துல அட்டை இருக்கான்னு பாக்கச் சொல்லிருக்கேன். இருந்தா அதுல இருக்கிற நம்பருக்கே கூப்பிடுவாங்க. இல்லன்னா கூப்பிட மாட்டாங்க. நீங்க அந்தப் பக்கமாப் போய்க்கிட்டே இருங்க, போனை ஃப்ரீயா வச்சுக்குங்க."

ஜிஎஸ்டி ரோடில் வெயில் கொளுத்தியது. ஜெயவேலு ஓரமாக, மெதுவாக ஓட்டினார். ஸ்ரீரங்கன் பின்னால் உட்கார்ந்து நடைபாதையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பெருங்களத்தூர், வண்டலூர். மெரூன் புடவை எதுவும் தென்படவில்லை. சின்மயிக்குச் சொல்ல வேண்டும். அங்கே இப்போது விடிந்திருக்காது. கூப்பிட்டால் லைன் பிஸி ஆகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில், பஸ் நிழற்குடையின் கீழ் ஜெயவேலு வண்டியை நிறுத்தினார். வண்டி சூடேறியிருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஸ்ரீரங்கன் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"ஜெயவேலு."

"சார்."

"அந்தக் கல்லைத் திருப்பிடுப்பா."

ஜெயவேலு ரோட்டையே பார்த்தார். "இப்ப இன்னாத்துக்கு சார்."

"இன்னிக்கே. அவ வரதுக்குள்ள. உள்ள வர மாதிரி போட்டுடு. அந்தப் படத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"சரி சார். போட்டுடலாம். தண்ணி குடிங்க."

போன் அடித்தது.

ஸ்ரீரங்கன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பெயர் எதுவும் வரவில்லை. 044 என்று தொடங்கும் ஒரு லேண்ட்லைன் நம்பர். இப்படி ஒரு நம்பர் வராதா என்று ஐம்பது நாள் அவர் காத்திருந்தார். கல்லூரி நம்பரை அவர் பார்த்ததில்லை. கூடுவாஞ்சேரிப் பக்கத்துக்கும் 044தான்.

"எடுங்க சார்," என்றார் ஜெயவேலு.

வெயிலில் திரை மங்கித் தெரிந்தது. ஸ்ரீரங்கன் இடது கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, அளவு சரிபார்ப்பது போல ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். கடைசி எண் வரைக்கும் படித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

"சார், எடுங்க. சார். கட் ஆயிடப்போது."

செங்கல்பட்டு ரயில் ஒன்று ஊரப்பாக்கத்துக்குள் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி அவர்களைத் தாண்டிப் போனார்கள். போன் அவர் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது.